உலர்வாகத் தேய்த்த சந்திரகாந்தம்: காங்கேயத்துக்கு அருகே ஒரு சிறு கல் கூடத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

காங்கேயம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் காளை நினைவுக்கு வரும். கல் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த மண் நினைவுக்கு வரும். சுற்றுவட்டாரத்து மேட்டுக்காடுகளில் படிகம் (குவார்ட்ஸ்), செவ்வந்திக்கல், சந்திரகாந்தக்கல், பெரில், கார்னெட் எல்லாம் கிடைக்கின்றன. நொய்யலின் வடகரையில் பழங்கால ஊரான கொடுமணலை அகழ்ந்தபோது, முழுதாக முடிந்த மணிகளோடு பாதியில் கைவிடப்பட்டவையும் வெட்டிய சில்லுகளும் வெளிவந்தன. வெட்டியதுபோக மிஞ்சும் துண்டை என்ன செய்வது என்ற கேள்வி இந்தப் பக்கத்தில் புதிதன்று.

இங்கே பதிவு செய்வது அந்தக் கேள்விக்கு வீட்டளவில் விடை தேடிய ஒரு குடும்பத்தின் கதை. நடத்தியவர்கள் இரண்டு பெண்கள், அண்ணியும் நாத்தனாரும். அண்ணியை மூத்தவர் என்றும் நாத்தனாரை இளையவர் என்றும் குறிப்பிடுகிறேன். மூத்தவரின் தம்பி, இருபத்திரண்டு வயது, சக்கரத்தில் கல் தேய்த்துக் கொடுப்பார். மூத்தவரின் பெரிய மாமனார் நாற்பது ஆண்டுகள் கல் அறுக்கும் பட்டறையில் இருந்தவர். பார்வை மங்கியபின் திண்ணையோடு நின்றுவிட்டார். நானும் ஒரு காலத்தில் பட்டறையில் இருந்தவன்தான். இப்போது கைவினைக் குழுக்களுக்குக் கல் வேலை கற்றுத் தருகிறேன்.

பட்டறைகளில் பெரிய கல்லை அறுத்துப் பட்டை தீட்டியதுபோக, விரல்நுனி அளவுத் துண்டுகள் மூட்டைக்கணக்கில் சேரும். அவற்றை எடைக்கு வாங்கி, சுழலும் டிரம்மில் மெருகேற்றி, வெள்ளிக் கம்பியிலும் செம்புக் கம்பியிலும் கட்டித் தோடும் பதக்கமும் செய்து விற்பது இவர்களின் திட்டம். இரண்டு டிரம் கொண்ட சிறிய இயந்திரம் ஒன்றை வாங்கினார்கள். ஒவ்வொரு டிரம்மும் ஒன்றரைக் கிலோ கொள்ளும். வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகைதான் கூடம்.

டிரம்மில் நடக்கும் வேலையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லும் தண்ணீரும் சிலிக்கான் கார்பைடுத் தூளும் ஒன்றாகச் சுழலும்போது கற்கள் ஒன்றையொன்று தேய்த்துக்கொள்கின்றன. முதலில் 80ஆம் எண் கொரகொரப்புத் தூள், அடுத்து அதைவிட நுண்ணிய 220, பிறகு இன்னும் நுண்ணிய 600, கடைசியில் மெருகுக்குச் சீரியம் ஆக்சைடு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரு வாரம். ஆற்றில் கூழாங்கல்லுக்கு நடப்பதை ஒரு மாதத்தில் முடிக்கும் சாதனம் இது. ஆற்றைப் போலவே இதற்கும் அவசரம் ஆகாது.

முதல் ஈடு

ஆடியில் முதல் ஈட்டைப் போட்டார்கள். மூட்டையிலிருந்து அழகாகத் தெரிந்த 120 துண்டுகளை எடுத்து, தம்பி சக்கரத்தில் ஓரம் தட்டிக் கொடுக்க, இரண்டு டிரம்மிலும் கலந்து போட்டார்கள். சந்திரகாந்தம், படிகம், செவ்வந்தி, கார்னெட் எல்லாம் ஒன்றாக இருந்தன. நான்கு வாரம் கழித்துத் திறந்தபோது விற்கத் தக்கவை 31 மட்டுமே. படிகங்கள் வழவழப்பாக இருந்தாலும் பளபளப்பு இல்லை. கார்னெட்டின் முனைகள் அப்படியே இருந்தன. சந்திரகாந்தக் கற்களின் ஓரமெல்லாம் நகத்தால் கிள்ளியதுபோல வெண்மையாகச் சிதைந்திருந்தது. அதைவிடப் பெரிய இழப்பு அந்த நீல ஒளி. கல்லை அசைத்தால் உள்ளே நிலவுபோல நகர வேண்டிய ஒளி பாதிக் கற்களில் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது. சிலவற்றில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

கோயம்புத்தூர்க் கடை ஒன்று தீபாவளிக்கு முன் அறுபது ஜோடி சந்திரகாந்தத் தோடு கேட்டிருந்தது. ஆவணிக் கடைசியில் இளையவர் என்னை அழைத்தார். “அண்ணா, டிரம்மில் ஏதோ கோளாறு. ஒருமுறை வந்து பாருங்கள்” என்றார்.

பார்த்தவை

டிரம்மில் கோளாறு எதுவும் இல்லை. மூடியின் ரப்பர் பள்ளத்தில் விரலை ஓட்டினேன். 80ஆம் எண் தூள் நெருடியது. மெருகுக் கட்டம் வரை அது அங்கேயே ஒளிந்திருந்து, அவ்வப்போது ஒன்றிரண்டு மணிகளாக உள்ளே உதிர்ந்துகொண்டு இருந்திருக்கிறது. எல்லாக் கட்டத்துக்கும் ஒரே வாளி, ஒரே சல்லடை. படிகம் ஏன் பளபளக்கவில்லை என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

டிரம்மைப் பாதிக்கும் குறைவாகவே நிரப்பியிருந்தார்கள். “நெருக்கினால் உடைந்துவிடும் என்று பயந்தோம்” என்றார் மூத்தவர். நடப்பது இதற்கு நேர்மாறு. முக்கால் பங்கு நிறைந்தால் கற்கள் சரிந்து உருளும். பாதி காலியாக இருந்தால் மேலே போய்த் தொப்பென்று விழும். சந்திரகாந்தம் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிம வகை. ஏறக்குறைய செங்கோணத்தில் அமைந்த இரண்டு தளங்களில் எளிதில் பிளந்துகொள்ளும். அதன் கடினம், எண் கூடக் கூடக் கடினம் கூடும் மோஸ் அளவில், 6 முதல் 6.5 வரை. படிகம் 7. கார்னெட் அதைவிடச் சற்றுக் கடினமானது, எடையும் மிகுதி. காலியான டிரம்மில் கார்னெட்டோடு சந்திரகாந்தத்தைப் போடுவது, சிறு சுத்தியல்களை உள்ளே போட்டு மூடுவதற்குச் சமம்.

இவ்வளவையும் அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டேன். சொன்ன விதத்தில் கொஞ்சம் பெருமிதமும் இருந்தது. எடைக் கணக்கு ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். மூத்தவர் பள்ளி நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். எந்தத் தேதியில் எந்தத் தூள், எத்தனை கிராம் என்று உருண்டையான எழுத்தில் ஒழுங்காகக் குறித்திருந்தது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் எழுதியது. மாலையில் கொட்டகையிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வாளாம். மாமா தேய்த்துக் கொடுக்கும் கற்களை எண்ணிக் குறித்தும் வைப்பாளாம்.

நோட்டைப் புரட்டினேன். தையல் போட்ட நடுப்பக்கத்திலிருந்து வெள்ளைத் தூள் என் மடியில் கொட்டியது.

அதன் பிறகுதான் கொட்டகையின் மறுமூலையைப் பார்த்தேன். கத்தி தீட்டுவதற்கான சாதாரண மேசைச் சக்கரம் ஒன்று. அதன் மோட்டார், சன்னல் கட்டை, வெளியே வாழையிலை எல்லாவற்றின் மேலும் மாவு சலித்ததுபோல ஒரு படலம். தம்பி மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, ஒரு நாளைக்கு மூன்று நான்கு மணி நேரம் தண்ணீரில்லாமல் தேய்த்திருக்கிறார். இரண்டு மாதமாக வறட்டு இருமல் என்பது கேட்டபிறகு தெரியவந்தது.

ஏன் உலர்வாகத் தேய்த்தார்

இந்த இடத்தில் நான் செய்யத் தவறியிருக்கக்கூடிய ஒன்றை நல்லவேளையாக இளையவர் செய்தார். நான் திட்டத் தொடங்கும் முன், “ஏன் தண்ணீர் விடவில்லை என்று அவனையே கேளுங்கள்” என்றார்.

தம்பி சொன்ன காரணம் அலட்சியம் அன்று. ஈரக்கல்லின் மேல் தண்ணீர்ப் படலமும் குழம்பும் மூடிக்கொள்வதால் நீல ஒளி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேய்க்கும்போது தெரியவில்லை. ஒளி தவறினால் கல் வீண். கல்லை வீணாக்கக் கூடாது என்பதற்காகத்தான் உலர்வாகத் தேய்த்தார். இருந்தும் பாதிக் கல்லில் ஒளி தவறியது. மேசைச் சக்கரத்தில் இரண்டு நொடியில் ஒரு முகம் போய்விடும். பார்த்துத் திருத்த நேரமிருக்காது.

தூசியும் தரக்குறைவும் இரண்டு தனிச் சிக்கல்கள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ஒளியின் முகத்தைத் தேய்ப்பதற்கு முன்பே தீர்மானிக்காமல், தேய்க்கும்போது தேடியது.

தூசியைப் பற்றி ஒரு விளக்கம். சந்திரகாந்தம் சிலிக்கேட் கனிமம்; படிகச் சிலிக்கா அன்று. நுரையீரலைக் கெடுக்கும் படிகச் சிலிக்கா என்பது படிகம், செவ்வந்தி, அகேட் வகைகள். ஒரே சக்கரத்தில் எல்லாவற்றையும் தேய்த்ததால் அவர் மூச்சில் போனது கலவை. கண்ணுக்குத் தெரியும் தூள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகளே நுரையீரலின் அடிவரை போகிறது. கைக்குட்டை அதைத் தடுக்காது. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் தேய்ப்பவர்களையும், மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் சிலேட்டுப் பென்சில் தொழிலாளர்களையும் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் எப்படி உருக்குலைத்தது என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இது அரசுக்கு அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக இருந்தது. வீட்டுக் கொட்டகைக்கு அந்தச் சட்டம் எட்டிப்பார்த்ததில்லை. இந்த நோய் வந்தபின் ஆற்றும் மருந்தும் கிடையாது.

எடுத்த முடிவுகளும் ஒரு தவறும்

முதல் முடிவு, சக்கரத்தை நிறுத்துவது. மூத்தவர் உடனே ஒப்பவில்லை. தீபாவளிக்கு ஏழு வாரமே இருந்தது. கடைக்காரர் முன்பணம் கொடுத்திருந்தார். “ஒரு மாதம் மட்டும் இப்படியே ஓட்டிவிட்டு மாற்றிக்கொள்ளலாமா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்கு முன் நானும் வளைந்துபோனேன். தம்பிக்கு என்95 முகக்கவசம் வாங்கித் தந்து, பின்னால் ஒரு மேசை விசிறியை வைத்து, தூசி சன்னல் வழியே வெளியே போகட்டும் என்றேன்.

மூன்றாம் நாள் இளையவர் அழைத்தார். காற்றின் திசை மாறியதும் தூசி முழுவதும் சமையலறைக்குள் வந்துவிட்டது. அரிசிப் பானையின் மூடியில் விரலால் கோடு போட முடிந்ததாம். விசிறி தூசியை அகற்றவில்லை, பங்கிட்டது. இந்தத் தவறு என்னுடையது.

அடுத்த நாள் சக்கரத்தின் மின் இணைப்பைக் கழற்றினோம். அதன்மேல் தண்ணீர் சொட்டவிடலாமா என்று தம்பி கேட்டார். கூடாது. அந்த வகை மோட்டார் நீருக்கு ஏற்றதன்று. ஈரக் கையோடு அதைத் தொடுவது தூசியைவிட விரைவாக ஆளை முடித்துவிடும். தொழிலை விட்ட ஒரு பட்டறைக்காரரிடம் கிடைமட்டத் தட்டு இயந்திரம் ஒன்று சும்மா கிடந்தது. வைரத்தூள் பதித்த தட்டு, சுற்றிலும் தொட்டி, மேலே சொட்டுக் குழாய். அதைக் குறைந்த விலைக்கு வாங்கி, கொட்டகையின் மின் இணைப்பில், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் கசிவு துண்டிப்பானும் பொருத்தினோம். தட்டு மெதுவாகவே தேய்க்கும். அதுவே எங்களுக்கு வேண்டியிருந்தது.

ஈரத்தில் ஒளியைக் காண்பது எப்படி என்ற சிக்கல் மீந்திருந்தது. அதைத் தீர்த்தவர் நான் அல்லன், திண்ணையிலிருந்த பெரியவர். மூன்று நாளாகப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர், “அலுமினியக் கம்பி ஒன்று கொண்டுவாருங்கள்” என்றார். பழைய மின்கம்பியை உரித்துக் கொடுத்தோம். கல்லை நனைத்து, ஒற்றை விளக்கின் கீழ் பிடித்து, மெல்லச் சுழற்றச் சொன்னார். ஒளி நடுவில் வந்து மிதக்கும் முகத்தில் கம்பியால் ஒரு கோடு இழுக்கச் சொன்னார். சொரசொரப்பான கல்லில் அலுமினியக் கோடு வெள்ளி நிறத்தில் பதியும்; தண்ணீரில் அழியாது. கோடு உள்ள முகம் மேலே, அதற்கு இணையான முகம் அடியில். அவ்வளவுதான். தேய்க்கும்போது ஒளியைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. பட்டறையில் நான் கழித்த ஆண்டுகளில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கேள்வி தூசியைப் பற்றியதாக இருந்ததால் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மற்ற மாற்றங்கள் வழக்கமானவை. வாளிகளுக்கு நான்கு நிறப் பெயின்ட் அடித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று ஒதுக்கினோம், சல்லடையும் அப்படியே. ஒரு கட்டம் முடிந்ததும் டிரம்மில் சீவிய சோப்பும் தண்ணீரும் போட்டுச் சில மணி நேரம் ஓட்டுவது, மூடிப் பள்ளத்தைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பது என்று வைத்தோம். படிக வகைகள் ஒரு டிரம்மில், சந்திரகாந்தம் மற்றொன்றில். கார்னெட்டை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினோம்.

விரிசல் பார்ப்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. துண்டுகளைத் தண்ணீரில் முக்கி எடுத்துத் துணியில் பரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேற்பரப்பு காய்ந்தபின்னும் விரிசல் உள்ள இடத்தில் ஈரக்கோடு சற்று நேரம் கருமையாக நிற்கும். அப்படி நின்றவற்றையெல்லாம் ஒதுக்கினோம். மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மூத்தவருக்கு மனம் வரவில்லை; இரண்டு மூன்றை எனக்குத் தெரியாமல் திரும்பப் போட்டார். அவை டிரம்மில் உடைந்து, உடைந்த கூர்முனைகள் மற்றவற்றைக் கீறின.

டிரம்மிலிருந்து வரும் குழம்பை அதுவரை சாக்கடையில் ஊற்றியிருந்தார்கள். அது அடியில் படிந்து சிமெண்டுபோல இறுகும். வெயிலில் காய்ந்தால் மறுபடியும் அதே தூசி. வாளியில் தெளியவிட்டு, மேல்நீரை வாழைக்கு ஊற்றி, அடிக்குழம்பை ஈரம் காயாமல் மூடிவைத்துச் சிமெண்டோடு கலந்தோம். இப்போது கிணற்றடியில் ஒரு துவைக்கும் கல் இருக்கிறது.

இரண்டாம் ஈடு

சந்திரகாந்தத்தைத் தட்டில் கையாலேயே உருவாக்கிவிட்டதால் 80ஆம் எண் கட்டத்தைத் தவிர்த்தோம். ஒளியின் முகத்தைக் கவனமாக அமைத்துவிட்டு, பிறகு ஒரு வாரம் கண்மூடித்தனமாக உருட்டி அதை அழிப்பதில் பொருளில்லை. 220இலிருந்து தொடங்கினோம். இடைவெளியை நிரப்பச் சிறு பிளாஸ்டிக் மணிகளைப் போட்டோம். மோதலின் வேகத்தை அவை தாங்கிக்கொள்ளும். மணிகளில் தூள் பதிந்துவிடும் என்பதால் அவற்றையும் கட்டத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைத்தோம்.

ஒன்பதாம் நாள் இரவு மின்சாரம் ஐந்து மணி நேரம் போயிற்று. நின்ற டிரம்மில் தூள் அடியில் படிந்து இறுகியிருக்கும்; அப்படியே ஓடவிட்டால் கற்கள் வெறும் தண்ணீரில் மோதிக்கொள்ளும். இளையவர் எழுந்து இரண்டு டிரம்மையும் மடியில் வைத்துக் கையால் உருட்டிக் கலக்கிவிட்டுத்தான் இயந்திரத்தில் ஏற்றினார். இதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

மூன்று வாரத்துக்குப்பின் திறந்தோம். போட்ட சந்திரகாந்தத் துண்டுகள் 140. விற்கத் தக்கவை 96. அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒளி நடுவில் நின்றது. படிக டிரம்மில் பளபளப்பு வந்திருந்தது.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். துளையிடும்போது 17 கற்கள் உடைந்தன. தம்பி ஒரே பக்கத்திலிருந்து துளையை ஓட்டினார். முனை மறுபக்கம் வெளியேறும் இடத்தில் ஓடு பெயர்ந்தது. தட்டில் தண்ணீர் தேங்கும்படி வைத்து, பாதித் துளை ஒரு பக்கம், மீதி மறுபக்கம் என்று மாற்றியபின் உடைவது குறைந்தது. கடைசியில் பெரும்பாலானவற்றைத் துளையிடாமலேயே கம்பியால் கட்டினார்கள். என் பார்வையில் அதுவே அழகும்கூட. ஒளிக்கு நடுவே ஓட்டை போடுவதற்காகவா இவ்வளவு பாடுபட்டோம்?

விளைவு

அறுபது ஜோடி கேட்ட கடைக்கு இருபத்தெட்டுதான் கொடுக்க முடிந்தது. மீதி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் கடைக்காரர் அடுத்த ஆர்டரைத் தரவில்லை. மூத்தவர் இதை என் முன்னால் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பதில் கிடையாது. துண்டுகளின் தரத்தைப் பார்த்த வேறொரு நகைக்காரர், கோத்த நகையாக இல்லாமல் மெருகேற்றிய கல்லாகவே மாதந்தோறும் வாங்கிக்கொள்கிறார். தோட்டில் கிடைப்பதைவிட இதில் கிடைப்பது குறைவு, நிலையானது.

தம்பிக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்தோம். எதுவும் தெரியவில்லை. மருத்துவர் அதைக் கொண்டாட விடவில்லை. இந்த நோய் பெரும்பாலும் பல ஆண்டு கழித்தே படத்தில் தெரியும், ஆண்டுக்கொருமுறை வந்து காட்ட வேண்டும், தொழிலைக் கேட்கும் எந்த மருத்துவரிடமும் “கல் தேய்த்தேன்” என்று மறக்காமல் சொல்ல வேண்டும் என்றார். சக்கரத்தை விட்ட ஒன்றரை மாதத்தில் இருமல் நின்றது. கொட்டகையைப் பெருக்குவதில்லை, தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள். சிறுமியின் மேசை வீட்டுக்குள் போய்விட்டது. நோட்டு மட்டும் கொட்டகைக்கு வந்து போகிறது.

இன்று செய்வதானால்

முதலில் டிரம்மைத் திறந்திருக்கமாட்டேன். கல் முதன்முதலாகச் சக்கரத்தைத் தொடும் இடம் எங்கே என்று கேட்டு அங்கே போயிருப்பேன். என்னை அழைத்தவர்கள் டிரம்மைக் காட்டினார்கள், நானும் டிரம்மைப் பார்த்தேன். தூசி எனக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது. நோட்டைக் கேட்காமல் இருந்திருந்தால் மெருகுக்கு வழி சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுத் திரும்பியிருப்பேன்.

விசிறி யோசனையை யாருக்கும் சொல்லமாட்டேன். வேலையை நிறுத்தச் சொல்லும் நாளிலேயே கடைக்காரரிடமும் பேசியிருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்துப் “பாதிதான் தர முடியும்” என்று சொன்னதால் அவர் கோபப்பட்டதில் தவறில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் வாடிக்கை பிழைத்திருக்கலாம்.

பெரியவரையும் முதல் நாளே கேட்டிருப்பேன். இப்போது அவருக்குத் திண்ணை வேலை உண்டு. மூட்டை வந்ததும் கல்லைக் கையில் உருட்டி, எடையையும் சொரசொரப்பையும் வைத்தே வகை பிரிக்கிறார். ஒளி பார்த்துக் கோடு இழுப்பது சிறுமி. அவர் தடவிப் பார்த்து, “இது கார்னெட், டப்பாவில் போடு” என்பார். அவள் விளக்கில் பிடித்துச் சரிபார்ப்பாள். டப்பா நிறைந்துவிட்டது. கார்னெட்டுக்கென்று தனியாக மூன்றாவது டிரம் வாங்கலாமா என்று சென்ற வாரம் மூத்தவர் கேட்டார். முதல் கட்டத்துக்கு மட்டும் மூன்று வாரமாவது ஆகும் என்று சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறார்கள்.